பிஎம்டபிள்யூ இ90 320ஐ காரை டிரிஃப்டுக்கு (வேண்டுமென்றே பின்பக்கத்தை வழுக்கவிட்டு வளைவில் ஓட்டுவதற்கு) ஏற்ற மாதிரி சஸ்பென்ஷன் செட்டிங் செய்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது, பின்சக்கரம் சுலபமாக வழுக்குவதற்காகப் பின் ஸ்பிரிங்கை இறுக்கி, காரைத் தாழ்த்தி, பின்கேம்பரை (சக்கரத்தின் தலை சாயும் கோணம், உள்ளே சாய்ந்தால் மைனஸ்) ஏற்றிவிடலாமா என்று. வேண்டாம். வழுக்க வைக்க ஆக்ஸிலரேட்டரும் ஹேண்ட்பிரேக்கும் இருக்கின்றன. வழுக்கும்போதும் பின்டயர் தரையைப் பிடித்துக் காரை முன்னே தள்ள வேண்டும்; சஸ்பென்ஷனின் வேலை அதுதான். 320ஐக்கு எஞ்சின் இழுவை கொஞ்சம் குறைவு என்பதால் பிடிப்பு அதிகமாகத் தெரிந்தால் பின்டயரின் அகலத்தைக் குறையுங்கள், அல்லது காற்றைக் கூட்டுங்கள். செட்டிங்கைக் கெடுக்காதீர்கள்.

நான் கும்பகோணத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். முதல் காரில் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்) எதையும் மாற்றாமல் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மில்லிமீட்டர் சுத்தமாக வைத்தேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு ஒரு பக்கம் நகர்ந்தது. நின்ற இடத்தில் அளந்தது ஓட்டத்தில் நிற்கவில்லை. ஜாக்கியில் தூக்கி, கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். முன் லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கை), பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் சட்டம்) இரண்டிலும் புஷ் ஆடினால் முதல் செலவு அதற்குத்தான்.

அப்புறம் முன்பக்கம். இடது வளைவில் பின்பக்கம் வெளியே போகும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியிருக்கும், எடை வலது முன்டயரில் விழும். அந்த நிலையில் காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) அந்த டயரின் தலையை வெளியே சாய்க்கும். அதை ஈடுகட்டத்தான் முன்சக்கரத்துக்கு மைனஸ் 3 முதல் 4 டிகிரி கேம்பர். கம்பெனி அமைப்பில் அவ்வளவு வராது, கோணத்தை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் போட வேண்டும். காஸ்டரைக் குறைக்காதீர்கள், கையை விட்டதும் ஸ்டியரிங் தானாகச் சுழன்று எதிர்ப்பக்கம் போவது காஸ்டரால்தான். முன்டோ ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. வெளியே போதும். பின்னால் கேம்பர் மைனஸ் 1க்குள், டோ சுழியம் அல்லது துளி உள்ளே. பின்டோ வெளியே போகவே கூடாது.

ஸ்பிரிங் விஷயத்தில் வேறு காரின் எண்ணைக் காப்பியடிக்காதீர்கள். இ90யில் பின் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரோடு இல்லை, தனியாக ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்மின் உள்முனையிலிருந்து சக்கரம் வரை உள்ள தூரத்தில் ஸ்பிரிங் பாதியில் இருந்தால் அதன் விறைப்பில் சக்கரத்துக்குக் கிடைப்பது கால்வாசிதான். எண் பெரிதாகத் தெரிந்தாலும் கார் மெத்தென்றே இருக்கும்.

அளப்பதற்கு நான் போவது தெரிந்தவரின் அரிசி ஆலைக் களத்துக்கு. மழைத்தண்ணீர் வடிய அதற்கு வாட்டம் வைத்திருப்பார்கள், அதனால் கொத்தனாரின் டியூப் லெவலால் நான்கு டயர் நிற்கும் இடத்தையும் பார்த்து, தாழ்ந்த இடத்தில் டைல்ஸ் துண்டுகளை அடுக்குவேன். டிரைவர் சீட்டில் ஓட்டுகிறவரின் எடைக்கு அரிசி மூட்டை. சக்கரத்துக்குச் சற்று வெளியே ரீப்பரில் (மரச்சட்டத்தில்) தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளப்பேன். 17 அங்குல ரிம்மில் 1 டிகிரிக்கு வித்தியாசம் ஏறக்குறைய 7.5 மி.மீ. டோவுக்குக் காரின் இருபுறமும் ஹப் (சக்கரத்தின் நடு) உயரத்தில் நூல் கட்டி, முன் விளிம்பு, பின் விளிம்பு அளந்தால் போதும். இரண்டு பேர், ஒரு காலைப்பொழுது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

ஓபன் டிஃபரன்ஷியலோடு இதெல்லாம் வீண், ஒரு சக்கரம்தான் சுற்றும். இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போடுங்கள்.

ரோட்டில் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. நம் ஊர்ச் சாலைகள் வாய்க்கால் கரைமேல் போகின்றன, ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், ஒதுங்க இடமே கிடையாது. குறுவை அறுவடையில் பாதி ரோட்டில் நெல் காயும், அதைக் கிளறிக்கொண்டு ஒரு அம்மா நிற்பார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இப்படி மாற்றிய கார் ரோட்டுக்கு ஆகவும் ஆகாது. டிரக்கில் ஏற்றி, சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை மாதிரி ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே மூன்று ஓட்டம் முடிந்ததும் முன்டயரின் உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்றையும் பாருங்கள். வெளியோரம் மட்டும் தேய்ந்திருந்தால் மைனஸ் கேம்பரை அரை டிகிரி ஏற்றுங்கள், வேறெதையும் அன்று தொடாதீர்கள்.