சளியில் கிருமி இருக்கிறது, ஆனால் டிபி இல்லையாம்!

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. 12 வருடம் முன்பு டிபி வந்து குணமானவர். ஒரு வருடமாக இருமல், எடையும் குறைகிறது. சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ‘ஏஎஃப்பி பாசிட்டிவ்’ (டிபி போன்ற கிருமி தெரிகிறது) என்று மறுபடி டிபி மருந்து கொடுத்தார்கள். 4 மாதமாகியும் பலனில்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் டெஸ்ட் நெகட்டிவ். இப்போது கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ‘என்டிஎம், ஏவியம் காம்ப்ளெக்ஸ்’ என்கிறார்கள். பேரனைத் தொடவே பயப்படுகிறார்.

பதில்: கல்ச்சர் சொல்வது சரியென்றால், பேரனைத் தாராளமாக அவர் மடியில் உட்கார வையுங்கள். தனித்தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம். இந்த ஏவியம் காம்ப்ளெக்ஸ் ‘என்டிஎம்’ வகை, அதாவது டிபி அல்லாத, ஆனால் டிபி கிருமியின் உறவுக்காரக் கிருமிதான், ஆனால் மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்வது, வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. பழைய டிபி விட்டுச்சென்ற தழும்பும் விரிந்துபோன மூச்சுக்குழாயும் அதற்கு வசதியான இடம்.

மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி சிவப்புக் குச்சிகளாகத்தான் தெரியும், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஸ்மியர் (மைக்ரோஸ்கோப் டெஸ்ட்) பாசிட்டிவ், ஜீன்எக்ஸ்பெர்ட் நெகட்டிவ் என்று வந்த அன்றே யாராவது என்டிஎம்மை நினைத்திருக்கலாம். சரி, நடந்தது நடந்துவிட்டது.

ஆனால் ஒரு கல்ச்சரை மட்டும் நம்பி மருந்து தொடங்கிவிடக் கூடாது, தண்ணீரில் இருக்கும் கிருமி என்பதால் சாம்பிளில் சும்மாவும் ஒட்டிக்கொண்டு வரும். வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு சளியிலாவது அதே கிருமி வளர வேண்டும், சி.டி. ஸ்கேனும் ஒத்துப்போக வேண்டும். அடுத்த சாம்பிளுக்கு அம்மா காலையில் கொதித்து ஆறிய தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும், குழாய்த் தண்ணீர் வேண்டாம். எச்சில் அல்ல, ஆழமாக இருமி வரும் கெட்டிச் சளி வேண்டும்.

உறுதியானால் அசித்ரோமைசின், எத்தாம்பியூட்டால், ரிஃபாம்பிசின் மூன்றும் சேர்த்து. பின்னிரண்டும் டிபி மருந்திலேயே உண்டு, முக்கியமான முதலாவதுதான் இதுவரை இல்லை. அதற்காக மருந்துக்கடையில் அசித்ரோமைசினை மட்டும் தனியாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கிருமி அதற்குப் பழகிவிட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம். சளியில் கிருமி மறைந்த பிறகும் ஒரு வருடம் சாப்பிட வேண்டும், ஆக மொத்தம் ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நோய் லேசாக இருந்தால் மருந்தில்லாமல் கண்காணிப்பதும் உண்டு, ஆனால் எடை குறைகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

டிபி மருந்தை நீங்களாக நிறுத்தாமல் எல்லா ரிப்போர்ட்டோடும் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கலாம். சிவப்புப் புடவை மங்கலாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னால் அன்றே டாக்டரிடம் போங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசின் வேலை, அதற்குப் பயப்படாதீர்கள்.