பார்வையற்ற பாடகர்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓலெஸ் சானின் இயக்கிய ‘பொவோதிர்’ (2014) என்ற உக்ரைன் படம் பார்த்தோம். கதை 1930களில் நடக்கிறது. கார்கிவ் நகருக்கு வேலைக்கு வந்த அமெரிக்கப் பொறியாளர் கொல்லப்படுகிறார். அவருடைய மகன் பீட்டர் தப்பித்து, இவான் கோச்செர்கா என்ற பார்வையற்ற பாடகரிடம் வந்து சேர்கிறான், அவருக்கு வழிகாட்டும் பையனாகிறான். கடைசியில் அரசு அந்தப் பாடகர்களைக் கூட்டமாகக் கொன்றுவிடுகிறது.

எங்களில் இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். ஒரு நண்பர் தேம்பித் தேம்பி அழுதார். நான் அன்றிரவே இணையத்தில் தேடினேன். அப்படி ஒரு படுகொலை நடந்ததற்கு ஆவணம் இல்லை என்று தெரிந்தது. ‘நடக்காத ஒன்றுக்கு அழுதிருக்கிறாய்’ என்று நண்பரிடம் சொன்னேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆதாரமில்லாததை வரலாறு என்று காட்டுவது ஏமாற்று இல்லையா? இது பிரச்சாரப் படம்தானே? அந்த அமெரிக்கப் பையன் கதைக்கு எதற்கு? இதைவிட நல்ல உக்ரைன் படங்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்,

பட்டியல் தரப்போவதில்லை. பார்த்த படத்தோடு இன்னும் கொஞ்ச நாள் இருங்கள். அமெரிக்கப் பையன் எனக்கும் உறுத்தினான். வெளிநாட்டுப் பார்வையாளருக்காகப் போட்ட ஏற்பாடு அது, விடுங்கள். எழுந்து போனவர்களையும் விடுங்கள்.

பிரச்சாரம் என்கிறீர்கள். படம் உக்ரைன் அரங்குகளுக்கு வந்தது 2014 நவம்பரில். கிரிமியா ரஷ்யாவிடம் கைவிட்டுப் போயிருந்தது, கிழக்கே டான்பாஸில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை எண்பது வருடத்துக்கு முந்தைய கதையாக மட்டும் பார்த்திருக்க முடியாது. சானின், அந்தப் பாடகர்களின் நரம்பு வாத்தியமான பண்டுரா வாசிக்கத் தெரிந்தவர். படத்தில் பார்வையற்றவர்களையே நடிக்க வைத்தார். பார்வையற்றவர்கள் வந்து கேட்பதற்காக ஒலி விவரணையோடும் படம் திரையிடப்பட்டது. பிரச்சாரத்துக்குப் படம் எடுக்கிறவர் இத்தனை மெனக்கெட மாட்டார்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் கொரலேன்கோவின் ‘கண் தெரியாத இசைஞன்’ நாவலை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். சோவியத் பதிப்பகங்கள் நமக்குத் தமிழில் தந்த புத்தகங்களில் ஒன்று. நாம் அதை ரஷ்ய நாவல் என்றே படித்தோம். கொரலேன்கோ ரஷ்ய மொழியில் எழுதினார் என்பது உண்மை. ஆனால் அவர் பிறந்தது உக்ரைனின் ஜித்தோமிரில், இறந்தது பொல்தாவாவில். நாவலில் வருவது முழுக்க உக்ரைன் மண். ஒரு மடாலயத்தின் பக்கம் பழைய கல்லறைக் கல் ஒன்று கிடைக்கிறது. அதன் எழுத்து பாதி தேய்ந்துபோயிருக்கிறது. கண்ணுள்ளவர்கள் திணறும் இடத்தில், பார்வையற்ற பெத்ரோ கல்லை விரலால் தடவி வாசிக்கிறான். கோசாக் தலைவன் ஒருவனோடு யுர்கோ என்ற குருட்டுப் பண்டுராக்காரனும் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறான்.

அந்த நாவலை நான் என் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவர் ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணமாக இருந்தவர். 1980இல் அந்தப் பதவியை ஒழித்தார்கள். அதற்கு அப்புறம் கண் அழுத்த நோயில் பார்வை மெல்லப் போய்விட்டது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். மணிக்கூண்டில் இரண்டு குருட்டு மணிக்காரர்கள் வரும் இடத்தில் என்னை நிறுத்தினார். ஏழு வயதில் பார்வை போன ரோமனுக்குக் கனவில் அம்மா முகம் தெரியும். பிறவிக் குருடனான எகோருக்கு அதுவும் இல்லை, கோபுரத்துக்கு வரும் பிள்ளைகளைத் திட்டி விரட்டுகிறான். “அந்த எகோர் வர்ற இடத்தை இன்னொரு தடவை படிடா” என்றார். படித்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சம்பந்தமே இல்லாததுபோல, ஊரில் மூன்று தலைமுறையாக அடுத்தவர் நிலத்தை விளைச்சல் பங்குக்கு, அதாவது வாரத்துக்கு, உழுத ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நிலக்காரருக்குப் பயந்து யார் உழுகிறார்கள் என்று பதியும் அடங்கல் கணக்கில் அவர்கள் பெயரை ஏற்றவே இல்லையாம். “என் கையாலதான் எழுதாம விட்டேன். நாளைக்கு எவனாவது அதை எடுத்துப் பார்த்தா அவங்க அங்க உழவே இல்லைன்னுதானே நினைப்பான்.”

ஆவணம் இல்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது.

சரி, அந்தப் படுகொலைக்கு வருவோம். பாடகர்களை மாநாடு என்று சொல்லிக் கூட்டிவந்து சுட்டுவிட்டார்கள் என்ற பேச்சு உக்ரைனில் நெடுநாளாக உண்டு. சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் நினைவுகள் என்று வோல்கோவ் என்பவர் 1979இல் வெளியிட்ட நூல்தான் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது. அந்த நூலை எவ்வளவு நம்பலாம் என்பதிலேயே இன்னும் தகராறு இருக்கிறது. ஆகவே ஒரே இடத்தில், ஒரே நாளில் என்பதை நானும் நிரூபிக்கப்பட்ட வரலாறாகச் சொல்லமாட்டேன். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

அங்கேயே தேடலை நிறுத்திவிட்டு நண்பரிடம் போய் ‘நடக்காத ஒன்று’ என்று சொன்னீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் உங்கள் மேல் கோபம். ஒரு ராத்திரி இணையத்தில் தேடிவிட்டு இப்படிப் பேசக் கூடாது.

ஆவணம்தானே வேண்டும்? இவான் குச்செரென்கோ என்ற பாடகரைத் தேடுங்கள். சின்ன வயதிலேயே பார்வை போனவர். 1902இல் கார்கிவில் தொல்லியல் மாநாடு நடந்தபோது எழுத்தாளரும் பண்டுரா கலைஞருமான ஹ்நாத் ஹோத்கெவிச் கிராமத்துப் பாடகர்களைக் கூட்டிவந்து மேடையேற்றினார். அதில் குச்செரென்கோவும் பாடினார். 1920களில் சோவியத் அரசே அவருக்குப் பட்டம் கொடுத்தது. 1937இல் அதே அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. அடுத்த வருடம் ஹோத்கெவிச்சையும் சுட்டது. இதற்கெல்லாம் கையெழுத்தும் தேதியும் உண்டு.

மற்றவர்கள்? இந்தப் பாடகர்களைக் கோப்சார் என்பார்கள். கோப்சார் என்பவர் நடந்து பிழைப்பவர். கண் தெரியாதவர், கூட ஒரு பையன், தோளில் வாத்தியம். சந்தையிலும் தேவாலய வாசலிலும் பாடுவார். கேட்டவர்கள் மாவோ ரொட்டியோ காசோ கொடுப்பார்கள். இப்போது தேதிகளைப் பாருங்கள். 1932 ஆகஸ்ட் 7: கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலே திருட்டு, அதற்கு மரண தண்டனைகூட உண்டு என்று சட்டம் வந்தது. 1932 டிசம்பர் 27: உள்நாட்டுக் கடவுச்சீட்டு வந்தது, கிராமத்து விவசாயிக்கு அது கிடையாது. 1933 ஜனவரி 22: பஞ்சத்தில் வெளியேறும் விவசாயிகளை உக்ரைன் எல்லையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பும்படி ஸ்டாலினும் மொலொத்தோவும் கையெழுத்திட்டு உத்தரவு போட்டார்கள். தேவாலயங்கள் மூடப்பட்டன. பாட்டுக்குக் கைப்பிடி மாவு போட்ட வீடுகளில் பிள்ளைகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த உத்தரவுகளில் கோப்சார் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. தேவையும் இல்லை. நடந்து பிழைக்கிறவனுக்குச் சாலையை மூடினாய், பிச்சை போடுகிறவன் வீட்டுத் தானியத்தை எடுத்தாய், பாடும் வாசலைப் பூட்டினாய். அதற்கு மேல் அவனுக்கென்று தனி உத்தரவு எதற்கு? அவன் எந்த ஊர் எல்லையில் விழுந்தான், கூடப் போன பையன் என்ன ஆனான் என்று எழுதி வைக்க ஒரு ஆள் இல்லை.

படத்தின் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான். வருடக்கணக்காக, ஊர் ஊராக நடந்த சாவை சானின் ஒரே காட்சியில் திரட்டிவிட்டார். சினிமாவுக்கு அது வசதி. ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் வந்து அந்த ஒரு காட்சிக்கு ஆதாரம் கேட்டு, இல்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட முடிகிறது. பஞ்சத்து வருடத்தில் ஒரு பாடகரும் பையனும் நாள் முழுக்க நடந்து, கதவு கதவாகத் தட்டி, ஒரு வீடும் திறக்காமல் போவதை அவர் நீளமாக எடுத்திருந்தால் எந்த ஆவணக்காரரும் அதைத் தொட்டிருக்க முடியாது.

ஆகவே உங்கள் நண்பர் ஏமாறவில்லை. நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், அவர் பேசாதது உங்களை வருத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அவருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் நேரில் போங்கள்.

போகும்போது ஒன்று கொண்டுபோகலாம். 1908இல் கோப்சார்களின் பாட்டைப் பதிவு செய்ய கவிஞர் லெஸ்யா உக்ரைன்கா தன் குடும்பப் பணத்தைக் கொடுத்தார். காசநோயில் இளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பணத்தில் நாட்டுப்புற இசை ஆய்வாளர் பிலாரெத் கொலெஸ்ஸா ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியோடு பொல்தாவா பக்கம் போனார். யால்தாவில் லெஸ்யாவும் அவர் கணவர் க்வித்காவும் ஹ்நாத் ஹொன்சரென்கோ என்ற பார்வையற்ற முதியவரைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். மெழுகு உருளைப் பதிவு, இரைச்சல் அதிகம். அது இன்று இணையத்தில் கிடைக்கிறது. முதலில் காற்றடிப்பதுபோல இருக்கும், குரல் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள்.

அன்புடன்