ரான் பாலின் எதிர்ப்பு ஓட்டுகள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர் ரான் பாலைப் போகிற போக்கில் ‘பழமைவாதி’ என்று எழுதியிருந்தீர்கள். ஈராக் போரை எதிர்த்தவர் எப்படிப் பழமைவாதி ஆவார்? எல்லாவற்றையும் எதிர்த்தே ஓட்டுப் போட்டு என்ன சாதித்தார்? அமெரிக்க மத்திய வங்கிக்குத் தணிக்கையே கிடையாது என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வது உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

போரை எதிர்த்தாலே இடதுசாரி என்பது வியட்நாம் காலத்தில் வந்த பழக்கம். அதற்கு முன்பே, 1949-ல் நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து ஓட்டளித்தவர் ஓஹையோவின் ராபர்ட் டாஃப்ட், குடியரசுக் கட்சியின் வலதுசாரித் தலைவர். ரான் பால் அந்த வழியில் வந்தவர். டெக்சாஸில் மகப்பேறு மருத்துவராக இருந்தவரை அரசியலுக்கு இழுத்தது, 1971 ஆகஸ்டில் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்தது.

அவருடைய அளவுகோல் எளிது. நாடாளுமன்றத்தின் அதிகாரங்களை அரசியல் சட்டத்தின் முதல் உறுப்பு, எட்டாவது பிரிவு பட்டியலிடுகிறது. பட்டியலில் இல்லாததற்கு ஓட்டு இல்லை. போரை அறிவிப்பது பட்டியலில் இருக்கிறது. அந்த முடிவை அதிபர் கையில் கொடுப்பது இல்லை. அதனால், போர் வேண்டுமென்றால் முறைப்படி அறிவியுங்கள் என்று காட்ட, 2002 அக்டோபரில் சபையின் வெளியுறவுக் குழுக் கூட்டத்தில் ஈராக் மீது முறைப்படி போர் அறிவிக்கும் திருத்தத்தைத் தானே கொண்டுவந்தார், அதை எதிர்த்தே ஓட்டளிப்பேன் என்றும் சொல்லிவிட்டு. அதிபருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது எதிர்த்த குடியரசுக் கட்சியினர் அவரையும் சேர்த்து 6 பேர். ஆனால் 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின், படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த தீர்மானத்தை ஆதரித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே அளவுகோல்தான் 2004-ல் அவரைத் தலைகுனிய வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது. இனப்பாகுபாட்டைத் தடைசெய்த 1964-ன் குடிமை உரிமைச் சட்டத்தின் 40-ஆம் ஆண்டைப் போற்றும் தீர்மானத்துக்கு 414 பேர் ஆதரவு, எதிர்ப்பு இவர் ஒருவர். தனியார் சொத்துரிமையில் அரசு தலையிட்டது என்பது வாதம். அவர் பெயரில் முன்பு வந்த செய்தி மடல்களில் அப்பட்டமான இனவெறி வரிகள் இருந்தன. நான் எழுதவில்லை என்றார். எழுதாமல் இருக்கலாம், பெயர் அவருடையதுதானே?

தணிக்கை விஷயத்தில் ஆதரவாளர்கள் பாதிதான் சொல்கிறார்கள். மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நிதிநிலை அறிக்கைகளை வெளித் தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். 1978-லிருந்து அரசுத் தணிக்கை அலுவலகமும் உள்ளே போகலாம். ஆனால் வட்டி விகிதம் முதலிய பணக்கொள்கை முடிவுகள், வெளிநாட்டு மத்திய வங்கிகளோடு நடக்கும் பரிவர்த்தனைகள், வட்டியை முடிவு செய்யும் அதன் பணச்சந்தைக் குழுவின் உத்தரவுப்படி நடக்கும் வாங்கல் விற்றல், இவை குறித்த உள்பேச்சுகள் ஆகியவை அதற்கு மூடிய கதவு. ரான் பால் திறக்கச் சொன்னது இந்தக் கதவைத்தான். 2012 ஜூலையில் அவருடைய மசோதா சபையில் 327-98 என்று நிறைவேறியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. கதவைத் திறந்தால் வட்டியை அரசியல்வாதிகள் மிரட்டி இறக்குவார்கள் என்ற மறுதரப்பின் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

சாதனை? அவர் முன்மொழிந்த நூற்றுக்கணக்கான மசோதாக்களில் சட்டமானது ஒன்று: டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரிலுள்ள பழைய சுங்கக் கட்டிடத்தை அங்குள்ள வரலாற்று அறக்கட்டளைக்கு விற்க, 2009-ல்.

ஆனால் தொகுதிக்கு அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. உறுப்பினர்கள் தங்கள் தொகுதி வேலைக்கென்று பெயர் குறித்து மசோதாவில் தொகை சேர்ப்பார்கள். அதை நீக்கினாலும் மொத்தச் செலவு குறையாது, எங்கே செலவிடுவது என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள், அவ்வளவுதான். அதனால் மக்கள் வரிப்பணத்தைத் திரும்பக் கேட்பதில் தவறில்லை என்றார். இறால் விற்பனைக்கு விளம்பரம் வரை கேட்டு மனுப் போட்டார். பிறகு, எப்படியும் நிறைவேறப்போகும் அந்த மசோதாவையே எதிர்த்து ஓட்டளிப்பார். பந்தியைத் திட்டிக்கொண்டே இலையைப் போட்டு வைப்பது இது. 2010-ல் கட்சியே இந்த வழக்கத்தை நிறுத்தியபோதும் மனுப் போட்ட ஒருசிலரில் அவரும் இருந்தார். வாதத்தில் ஓட்டையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் எதிர்ப்பு ஓட்டு தோற்கும் என்று தெரிந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.