கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு நாள்: எங்கே சுற்றலாம், என்ன சாப்பிடலாம்?

குடும்பத்தோடு இரண்டு நாள் வருகிறோம், விவேகானந்தர் பாறையும் சூரிய உதயமும் போக என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உதயத்தையும் பாறையையும் முதல் நாள் காலையிலேயே முடித்துக்கொண்டு மேற்கே கிளம்பிவிடுங்கள் என்பேன். கன்னியாகுமரி முனையில் இருக்கும் உணவகங்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் யாத்திரிகர்களை நம்பி நடப்பவை. சப்பாத்தியும் குருமாவும் தாராளமாகக் கிடைக்கும். எங்கள் வீடுகளில் சமைக்கிற எதையும் அங்கே தேடாதீர்கள்.

மார்த்தாண்டத்தில் தங்கினால் வசதி. பக்கத்திலேயே குழித்துறைத் தாமிரபரணி ஓடுகிறது (நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், இது வேறு ஆறு). மலையிலிருந்து வரும் கோதையாறும் பரளியாறும் சேர்ந்து இந்த ஆறாகித் தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. இந்தத் தண்ணீரைப் பின்தொடர்ந்தாலே போதும், பார்க்க வேண்டியதில் பாதி வழியிலேயே வந்துவிடும்.

மறுநாள் காலையில் புட்டு, பயறு, பப்படம், கூடவே மட்டிப் பழம். மட்டி விரல் நீளம்தான் இருக்கும், மணம் மட்டும் அறை முழுக்க நிற்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். பப்படத்தைப் புட்டின் மேல் நொறுக்கி, பழத்தையும் சேர்த்துக் கையாலேயே பிசைய வேண்டும். கரண்டி கேட்டால் கடைக்காரர் தருவார். முகத்தில் ஒரு வருத்தம் தெரியும்.

கோதையாறு விழும் திற்பரப்பு அருவிக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் போகவே வேண்டாம், தலைகளைத்தான் பார்ப்பீர்கள். அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். பரளியாற்றுக்கு மேலே, 28 தூண்களின் மீது, ஏறத்தாழ 1,200 அடி நீளத்துக்கு ஒரு வாய்க்காலைத் தூக்கிக்கொண்டு போகிறது இந்தப் பாலம். பள்ளத்தாக்கைத் தாண்டி விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக 1966-இல் கட்டியது. பாசனத்துக்குத் திறந்துவிட்டிருக்கும் மாதங்களில் வந்தால், நடைபாதையின் ஒரு பக்கம் தொட்டியில் தண்ணீர் ஓடும். இன்னொரு பக்கம் நூறடிக்குக் கீழே ஆறும் தென்னந்தோப்பும். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் படிக்கட்டில் இறங்கி ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கலாம். எனக்கு அந்தக் கோணம்தான் பிடிக்கும்.

மதியம் தேங்காப்பட்டணம் பக்கம் இறங்குங்கள். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் கறியும் சாப்பிடாமல் இந்த மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880-களில் பரப்பிய பயிர் இது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது இங்கே வயிறு காத்தது. தோலுரித்து, வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, தேங்காயும் பச்சை மிளகாயும் சீரகமும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்துக் கிளறுவார்கள். நல்ல கிழங்கு விரல் பட்டதும் மாவாக உடையும்; நடுவே நார் இழுத்தால் முற்றிய கிழங்கு, வேறு கடை பாருங்கள். தொட்டுக்கொள்ள, தேங்காய் அரைத்துப் புளி ஊற்றிய சாளைக் (மத்தி மீன்) கறி. விலை உயர்ந்த நெய்மீனைவிடச் (வஞ்சிரம்) சாளைதான் கிழங்குக்குப் பொருந்தும். இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. புதுக்கடை, தேங்காப்பட்டணம் சாலையோரச் சிறு கடைகளில் விசாரியுங்கள். பெயர்ப் பலகை பெரிதாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மீன் சாப்பிடாதவர்கள் உள்ளித் தீயல் (சின்ன வெங்காயக் குழம்பு) கேட்கலாம். தேங்காயைக் கருகும் பக்குவத்துக்குச் சற்று முன்வரை வறுத்து அரைத்த குழம்பு, சிவப்பரிசிச் சோற்றுக்கென்றே பிறந்தது. நாகர்கோவில் வழியாகத் திரும்பினால் மாலையில் ரசவடை.

வெயில் தாழ்ந்ததும் சிதறால் மலை. சமணத் தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். ஏற்றம் சிரமமில்லை, பாட்டியும் நின்று நின்று ஏறிவிடலாம். பகலிலேயே நேரம் மிஞ்சினால் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது; திங்கட்கிழமை விடுமுறை.

தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தில் குளிக்க இறங்காதீர்கள், அலையின் இழுப்பு பொல்லாதது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது வந்தால் வள்ளக்காரர்கள் (சிறு படகில் போகிறவர்கள்) கொண்டுவருவதுதான் மீன், விலையும் கூடுதலாக இருக்கும்.