கால் வலியோடு இருக்கும் மகளை அந்தமான் முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 800 மீட்டர் ஓட்டத்தில் மாநிலப் போட்டி வரை போயிருக்கிறாள். இரண்டு மாதமாக வலது கணைக்காலில் வலி. விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலிக்கிறது. அவளுடைய பயிற்சியாளர் மே கடைசியில் அந்தமானின் ஹாவ்லாக் தீவில் மூன்று வாரம் ‘கிராஸ் டிரெயினிங்’ முகாம் நடத்துகிறார். நீச்சல், சைக்கிள், கடற்கரை மணலில் ஓட்டம், யோகா எல்லாம் உண்டு. “ஓட்டத்தைக் குறைத்தால் கால் தானாகச் சரியாகிவிடும், அந்தப் புழுக்கத்தில் பழகிவிட்டால் இங்கே எல்லோரையும் முந்தலாம்” என்கிறார். கட்டணம் 68,000 ரூபாய். 20,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். நீச்சல் அடித்தால் ஓட்டக்காரர்களின் தசை இளகிவிடும் என்று என் கொழுந்தனார் தடுக்கிறார். மகளோ போயே தீருவேன் என்கிறாள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று இரவில் சோற்றைத் தொடுவதில்லை. இன்னொன்றும் உண்டு, எழுதலாமா என்று தெரியவில்லை. நான்கு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அனுப்பலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதலாமா என்று தயங்கிக் கடைசியில் எழுதினீர்களே, அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று உங்களிடம் சொன்னவர்கள் யாராக இருந்தாலும், அது தவறு. வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஓடுகிறாள் என்பது அதற்கு விலக்கு ஆகாது.

நடப்பது என்னவென்றால், பயிற்சிக்குச் செலவாகும் அளவுக்கு உணவு உள்ளே போகவில்லை. வருமானம் குறைந்த வீட்டில் முதலில் எந்தச் செலவை நிறுத்துவோமோ, அதையே உடம்பும் செய்கிறது: உயிர் வாழ இப்போதைக்கு அவசியமில்லாத வேலைகளை நிறுத்திவைக்கிறது. முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிலக்கு. அதோடு ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறைகிறது. எலும்பு தேய்வதைக் கட்டுப்படுத்துவதும், தேய்ந்த இடத்தில் புது எலும்பு சேர வழிசெய்வதும் அந்த ஹார்மோன்தான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு ஒரு பெயர் சூட்டி, விளையாட்டு மருத்துவர்கள் கவனிக்க வேண்டியவற்றை வெளியிட்டது. 2023இல் அதைப் புதுப்பிக்கவும் செய்தது. இது ஆண் பிள்ளைகளுக்கும் வருகிறது. பெண்களிடம் மாதவிலக்கு நிற்பது கண்ணுக்குத் தெரிகிற எச்சரிக்கை என்பதால், ஒரு விதத்தில் உங்களுக்கு முன்கூட்டியே தகவல் கிடைத்திருக்கிறது.

இப்போது இரவுச் சோற்றை நிறுத்தியது, நின்றுபோன மாதவிலக்கு, கணைக்காலில் ஒரே இடத்து வலி ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகளாக எனக்குத் தோன்றவில்லை. பயிற்சியைக் கூட்டும்போது கணைக்காலின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலிப்பது ஓட்டக்காரர்களிடம் சாதாரணம். விரல் நுனி வைத்துக் காட்டும்படி ஓர் இடத்தில் மட்டும் வலித்தால், அதுவும் இரண்டு மாதமாக வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வலி எலும்பின் முன்விளிம்பில் என்றால் இன்னும் அவசரம். அந்த இடம் ஆறுவதற்கு நாளாகும், முழு முறிவாக மாறும் அபாயமும் அங்கேதான் அதிகம். சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். “எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஓடலாம்” என்று யாரும் சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, தைராய்டு, புரோலாக்டின் (கூடினால் மாதவிலக்கை நிறுத்தக்கூடிய ஹார்மோன்) பரிசோதனைகள். மகப்பேறு மருத்துவர் வழக்கப்படி கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்வார். அதைக் கேட்டு நீங்கள் பதறவோ மகளைச் சந்தேகிக்கவோ வேண்டாம், மாதவிலக்கு நின்ற எல்லோருக்கும் செய்வதுதான்.

மாதவிலக்கை வரவழைக்க என்று கருத்தடை மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பினால் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதனால் எலும்பு தேறுமா?” மாத்திரையால் மாதாமாதம் இரத்தப்போக்கு வரும். சாப்பாட்டுப் பற்றாக்குறை அப்படியே இருக்கும். இருந்த ஒரே எச்சரிக்கை மணியும் ஓய்ந்துபோகும்.

ஆகவே மே மாத முகாமுக்கு இவளை அனுப்ப வேண்டாம். இதை நான் தயங்காமல் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் பயிற்சியாளரைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதீர்கள். ஓட்டத்தைக் குறைத்து வேறு பயிற்சியால் உடல்திறனைக் காப்பாற்றலாம் என்ற அவருடைய யோசனை சரியானது. கொழுந்தனார் சொல்வதில்தான் உண்மையில்லை. நீச்சலால் எந்தத் தசையும் இளகிப்போகாது. 800 மீட்டர் ஓட்டத்தில் செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேல் பிராணவாயுவைப் பயன்படுத்தி வருவது. இதயத்தையும் நுரையீரலையும் அதற்குத் தயாராக வைத்திருக்கத் தண்ணீரும் சைக்கிளும் தாராளமாக உதவும். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட்டுக்கு 1984 ஒலிம்பிக் மாரத்தான் தேர்வுப் போட்டிக்கு 17 நாள் முன்புதான் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓட முடியாத நாள்களில் உடற்பயிற்சி சைக்கிளின் பெடல்களைக் கையால் சுழற்றிப் பயிற்சி செய்தார். தேர்வுப் போட்டியில் வென்றார், அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானையும் வென்றார். அண்மைக் காலத்தில் பார்க்கர் வால்பி என்ற இளம்பெண் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஓடி, மற்ற நாள்களை நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சி இயந்திரத்திலும் கழித்து, 2023இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான 5,000 மீட்டர் பட்டத்தை வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஓடினார். இதை மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓட்டத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்ற பயம்தான் இந்த வயதுப் பிள்ளைகளை வலியை மறைக்க வைக்கிறது.

இனி, அந்த இடத்தையும் காலத்தையும் பற்றிச் சொல்கிறேன். முகாம் நடத்துகிறவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. மே மாதத்தின் மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலைத் தொடும். கேரளாவுக்கு வருவதற்கு முன்பே அங்கே வந்துவிடுகிறது. நம் பள்ளி விடுமுறைக்கு வசதியாக இருக்கிறது என்று மே கடைசியில் முகாம் வைத்தால் பொங்கும் கடலையும் அடைமழையையும்தான் சந்திக்க நேரும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) ஹாவ்லாக் என்கிற ஸ்வராஜ் தீவுக்குப் பெரும்பாலும் கப்பலில்தான் போக வேண்டும். கடல் சீறினால் கப்பல் நிற்கும். ஒரு பிள்ளைக்கு இரவில் காய்ச்சலோ கால் முறிவோ என்றால், சிறிய மருத்துவமனையைத் தாண்டிய சிகிச்சை எல்லாம் அந்தக் கடலுக்கு மறுபக்கம் இருக்கிறது.

கடலில் நீச்சல் பயிற்சி என்பதும் எனக்கு உறுத்துகிறது. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. ஹாவ்லாக்கிலேயே 2010இல் கடலில் இருந்த ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், அலையாத்திக் காடும் கழிமுகமும் உள்ள பக்கத்திலும், விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. பிள்ளைகளைக் கடலில் இறக்கும் பயிற்சியாளருக்கு உயிர்காப்பாளர் எங்கே நிற்பார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மணல் ஓட்டமும் அப்படித்தான். உதிரி மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதில் குதிகால் ஒவ்வொரு அடியிலும் புதைகிறது, கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் கூடுதல் வேலை செய்கின்றன. நீர் வற்றிய நேரத்து ஈர மணல் இறுக்கமாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுகிறது. கால் எலும்பில் சந்தேகம் உள்ள பெண்ணுக்கு இரண்டுமே கூடாது.

புழுக்கத்தில் பழகினால் முந்தலாம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும். குளிர்ந்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய லாபம். திண்டுக்கல்லின் மே வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் மகளுக்கு அதில் பெரும்பகுதி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. கிடைத்த பழக்கமும் ஊர் திரும்பிய சில வாரங்களில் மறைந்துவிடும். தீவுக் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாமல் உடம்பில் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். அரைவயிறு சாப்பிடுகிற பெண்ணுக்கு அந்தப் புழுக்கமே கூடுதல் சுமை.

நம் கடிகாரத்தையே வைத்திருந்தாலும் அந்தமான் வெகு கிழக்கே இருக்கிறது. மே மாதத்தில் காலை 5 மணிக்கே சூரியன் வந்துவிடும், ஏழரை மணிக்கு நம் ஊரின் எட்டரை மணி வெயில் அடிக்கும். மாலை ஆறு மணிக்கு இருட்டு. பயிற்சி நாலரைக்குத் தொடங்கும் என்று அட்டவணையில் இருந்தால், இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பார்கள் என்று கேளுங்கள். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் குறையக் கூடாது.

இப்போதைக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடியது இது. மருத்துவர் அனுமதித்த பிறகு, இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு கால் தரையைத் தொடாத ஆழத்தில் நீச்சல் குளத்தில் ஓடச் சொல்லுங்கள். எலும்பில் மோதல் துளிக்கூட இல்லை. நான்கு முதல் ஆறு வாரம் இதை மட்டும் ஒழுங்காகச் செய்த ஓட்டக்காரர்கள் தங்கள் திறனை இழக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு நிமிர்ந்து, மிகச் சற்றே முன்சாய்ந்து இருக்க வேண்டும். கை விரல்கள் மூடியிருக்க வேண்டும், உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளினால் கைதான் வேலை செய்யும். முழங்காலை உயர்த்தி, பாதத்தை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். நிறையப் பேர் குப்புறச் சாய்ந்து நாய் நீந்துவதுபோல் போய்விடுகிறார்கள், அதில் பயனில்லை. தண்ணீரில் இதயத் துடிப்பு தரையைவிடக் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாமல் மூச்சு வாங்கும் அளவை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கடுமை, ஒரு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றிச் செய்தால் சலிப்பும் தெரியாது. ஆனால் ஒன்று: சாப்பாடு கூடாமல் இதைத் தொடங்கவே கூடாது. தண்ணீரில் செய்தாலும் செலவு செலவுதான்.

இரவுச் சோற்றைத் திரும்பக் கொண்டுவருவது உங்களால் மட்டும் ஆகாது. திட்டினால் ஒளித்துவைப்பாள். பயிற்சியாளர் வாயால் “எடையைப் பற்றி இனி பேச்சே வேண்டாம்” என்று அவளிடம் சொல்ல வைக்க முடியுமா பாருங்கள், அது உங்கள் நூறு வார்த்தைகளுக்குச் சமம். பயிற்சி முடிந்த அரைமணிக்குள் இரண்டு முட்டையும் வாழைப்பழமும், அல்லது பாலும் வேர்க்கடலையும் வயிற்றுக்குள் போகட்டும். சாப்பிடுவதையே பயந்து தவிர்க்கிறாள் என்று தோன்றினால் உணவியல் நிபுணரோடு மனநல ஆலோசகரையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தமான் ஆசையை அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம். இந்தியாவுக்கு நல்ல சைக்கிள் வீரர்களைத் தந்த தீவுகள் அவை. 2018 உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வென்ற எஸோ ஆல்பென் அங்கிருந்து வந்தவர்தான். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மழை ஓய்ந்து கடல் அமைதியாக இருக்கும். விரிசல் இருந்தால் அது ஆறி, மாதவிலக்கும் திரும்பி இரண்டு மூன்று சுழற்சி ஒழுங்காக வந்திருந்தால், அப்போது அவள் தாராளமாகப் போகலாம். அதற்கு முன் பயிற்சியாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு. உடன் வரும் பெண் பொறுப்பாளர் யார், பெண் பிள்ளைகள் யாரோடு தங்குவார்கள், மகள் தினமும் உங்களிடம் தனியாகப் போனில் பேச முடியுமா, வெப்ப மயக்கம் வந்தால் உடனே குளிர்விக்கப் பனிக்கட்டியும் தொட்டியும் இருக்குமா, வாரத்தில் முழு ஓய்வு நாள் எது. நல்ல பயிற்சியாளர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முன்பணத்தை, மழை ஓய்ந்த பிறகு நடத்தும் முகாமுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 20,000 ரூபாய் போகட்டும். எம்.ஆர்.ஐ. தேதியை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். போகும்போது கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, கடந்த ஆறு மாத எடை, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினாள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள்.