வாடகைக் குதிரை

கேள்வி: ஆங்கிலப் புத்தக விமர்சனம் ஒன்றில் ஓர் எழுத்தாளரை 'ஹேக்' என்று திட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைவதும் 'ஹேக்'தானே, இரண்டும் ஒன்றா? தமிழில் இதை எப்படிச் சொல்வது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஒன்றில்லை. கம்ப்யூட்டர் ஹேக், வெட்டுவது, கொத்துவது என்ற பொருளுள்ள பழைய வினைச்சொல்லின் வழி வந்தது. எழுத்தாளரைத் திட்டும் ஹேக், குதிரை! 'ஹேக்னி' என்பதன் சுருக்கம். லண்டனை ஒட்டியிருந்த ஹேக்னி என்ற ஊரின் பெயர்தான் குதிரைக்கு ஒட்டிக்கொண்டது என்பார்கள். போருக்கோ பந்தயத்துக்கோ போகிற சாதியல்ல. வாடகைச் சவாரிக் குதிரை. காசு கொடுத்தவர் யாரானாலும் சுமக்கும். லண்டன் டாக்ஸிக்குச் சட்டப்படி இன்றைக்கும் 'ஹேக்னி கேரியேஜ்', அதாவது ஹேக்னி வண்டி என்றுதான் பெயர். அப்புறம், பதிப்பாளர் கேட்டதையெல்லாம் கூலிக்கு எழுதித் தள்ளியவர்களையும் ஹேக் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் நிறைய குடியிருந்த தெரு, லண்டன் கிரப் ஸ்ட்ரீட். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் அதற்குப் பொருள் எழுதுகிறார்: சின்னச் சின்ன வரலாறுகள், அகராதிகள், அந்தந்த நேரத்துக் கவிதைகள் எழுதுவோர் வாழ்ந்த தெரு என்று. நடுவே அந்த 'அகராதிகள்' இருக்கிறதே, அது தன் தலையில் தானே வைத்துக்கொண்ட குட்டு. அவரும் கூலிக்கு எழுதிப் பிழைத்தவர்தான். 1759இல் தாயாரின் இறுதிச் செலவுக்காக 'ராசெலஸ்' என்ற கதையை ஒரே வாரத்து மாலை நேரங்களில் எழுதி முடித்தார். அது இன்றும் அச்சில் இருக்கிறது. தெருவின் பெயர்தான் போய்விட்டது. 1830இல் அதை மில்டன் ஸ்ட்ரீட் ஆக்கிவிட்டார்கள்.

தமிழில் புதுச்சொல் தேட வேண்டாம், 'கூலிக்கு மாரடிப்பவர்' போதும். இழவு வீட்டில் காசுக்கு அழுகிறவர். கண்ணீரெல்லாம் சரியாக வரும், துக்கம் மட்டும் அடுத்த வீட்டாருடையது. வாடகைக் குதிரையைவிட இது இன்னும் சுருக்கென்று தைக்கிறது.

எனக்கும் தைக்கும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மாத இதழில் ஜோசியர் ஊருக்குப் போய்விட, ஆசிரியர் என்னிடம் பேப்பரை நீட்டி, "பன்னிரண்டு ராசிக்கும் எழுதிடுய்யா, சாயங்காலம் அச்சுக்குப் போகணும்" என்றார். பதினொன்றை வாய்க்கு வந்தபடி எழுதினேன். மீனத்துக்கு மட்டும் யோசித்து, 'வரவேண்டிய பணம் இழுத்தடிக்கும்' என்று எழுதினேன். நான் மீன ராசி. அந்தச் சன்மானம் இன்னும் வரவில்லை.