சிறுநகர் நூலகம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பெருமையாக இருந்தது. கூடவே சோர்வாகவும் இருந்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் கொழும்பின் எல்லையில் உள்ள ஒரு சிறிய நகரத்தின் பொது நூலகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். புத்தகம் தேடி வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன், அவர்களோடு புத்தகங்களைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். நடப்பது வேறு. காலையில் வயதானவர்கள் சிலர் வந்து பேப்பர் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாரக் கடைசியில் அரசின் அறிவித்தல் இதழான வர்த்தமானியைக் கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் தங்கள் கொப்பிகளோடு வந்து இருந்து படிக்கிறார்கள். எங்கள் அலுமாரிகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தமிழுக்கு இரண்டு அலுமாரி. பாதி பழைய தொடர்கதை நாவல்கள், மீதி பரீட்சை வழிகாட்டிகள்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் வைத்தோம். மண்டபம் நிறைந்தது. அந்த உற்சாகத்தில் ஞாயிறு காலைகளில் ஒரு வாசகர் வட்டம் தொடங்கினேன். முதல் கூட்டத்துக்கு ஆறு பேர். இப்போது நான்கு பேர். "சனம் இப்ப வாசிக்கிறதில்லை பிள்ளை, சும்மா மினக்கெடாதை" என்கிறார் எனக்கு மேலே உள்ளவர்.

இதையெல்லாம் நூலகம் என்று சொல்லலாமா? வாசகர் வட்டத்தைத் தொடர்வதா, விடுவதா?

வி.

*

அன்புள்ள வி.,

சனம் வாசிப்பதில்லை என்கிறார் உங்கள் மேலதிகாரி. உங்கள் கடிதத்திலோ காலை முதல் மாலை வரை வாசிக்கிறவர்களாகவே வருகிறார்கள். பேப்பர் வாசிக்கிறார்கள், வர்த்தமானி வாசிக்கிறார்கள், பாடம் வாசிக்கிறார்கள். இரவல் பதிவேட்டில் பெயர் விழாததால் யாரும் இவர்களை எண்ணுவதில்லை. நீங்கள் எண்ணுங்கள். ஒரு கொப்பியை எடுத்து, எந்த நேரத்தில் எத்தனை பேர், எதற்காக வந்தார்கள் என்று தினமும் குறித்து வையுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

காலையில் வரும் முதியவர்களை முதலில் சொல்ல வேண்டும். வடக்கில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் உண்டு, அதோடு சேர்ந்து ஒரு வாசிகசாலையும் இருக்கும். பேப்பர் வந்ததும் தாள் தாளாகப் பிரிந்து போகும். ஒருவர் முன்பக்கத்தையும் இன்னொருவர் மரண அறிவித்தலையும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். வாசித்ததைப் பற்றி உடனேயே வாதம் தொடங்கிவிடும். எழுத்துத் தெரியாதவரும் பக்கத்து வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர் இன்று கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், அல்லது வெளிநாட்டில் இருப்பார்கள். பேசுவதற்கு ஆள் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் அச்சுத்தாள் கிடைக்காமல் பத்திரிகை விலை ஏறியபோது வீட்டுக்குப் பேப்பர் எடுப்பதை நிறுத்தியவர்கள் பலர். ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒருவர் வீரகேசரி, தினகரன், தினக்குரல் மூன்றையும் நாள்தோறும் காசு கொடுத்து வாங்க முடியாது. உங்களிடம் வந்தால் மூன்றையும் பார்க்கலாம், பார்த்ததைப் பற்றிப் பேச இன்னொருவரும் இருப்பார். அவருக்கு உங்கள் மண்டபம்தான் வாசிகசாலை. தமிழ்ப் பேப்பர் தவறாமல் வருகிறதா, வந்த பேப்பர் யாருடைய மேசையிலாவது தங்கிவிடாமல் காலையிலேயே மண்டபத்துக்கு வருகிறதா என்று கவனித்துக்கொண்டாலே பெரிய வேலை.

அடுத்தது வர்த்தமானி. வெள்ளிக்கிழமைகளில் வரும் அதில் அரச வேலை வெற்றிடங்கள் இருக்கும் என்பதால்தான் இளைஞர்கள் தேடுகிறார்கள். இப்போது இணையத்திலும் இருக்கிறது. என்றாலும் தொலைபேசித் திரையில் அந்தப் பொடி எழுத்தைப் படித்து, எந்தத் தகைமை வேண்டும், வயதெல்லை என்ன, முடிவுத் திகதி எப்போது என்று பிடிப்பது இலேசில்லை. நீங்கள் அந்த மூன்றையும் மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டிப் பாருங்கள். பக்கத்து மேசையில் பொது அறிவு, நுண்ணறிவு நூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் வையுங்கள். பரீட்சை வழிகாட்டிகள் பாதி அலுமாரியை அடைத்துக்கொண்டிருப்பதாக வருத்தப்படுகிறீர்கள். ஒரு பிள்ளைக்கு வேலை கிடைக்கக் காரணமான புத்தகத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அந்த இளைஞர்கள் வேலை கிடைத்த பிறகும் உங்களிடம் வர ஒரு காரணம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கைக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். அதாவது உங்கள் நகரத்தில் தமிழ் படிக்க வேண்டிய சிங்கள உத்தியோகத்தர்கள் இருப்பார்கள், சிங்களம் படிக்க வேண்டிய தமிழ் உத்தியோகத்தர்களும் இருப்பார்கள். இரு பக்கமும் தனித்தனியாக வகுப்புக்குக் காசு கட்டுகிறது. வாரத்தில் ஒரு மாலை இவர்களை ஒரே மேசையில் இருத்தி, அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் சிங்களம் என்று பேசவும் சின்னச் சின்னப் பந்திகளை வாசிக்கவும் வைத்தால் என்ன? நூலகத்தை நடத்தும் உங்கள் உள்ளூராட்சிச் சபையின் ஒப்புதல் எளிதாகக் கிடைக்கக் கூடிய திட்டம் இது. பேச்சுப் போட்டியைவிட நீண்ட பயனும் உண்டு. இந்த நாட்டில் ஒரு சிங்களவரும் ஒரு தமிழரும் அவசரமில்லாமல் ஒரே மேசையில் இருக்கக் கூடிய இடங்கள் குறைவு. பொது நூலகம் அப்படி ஒரு இடம்.

மாலையில் வரும் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அலுமாரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்கிறீர்கள். அவர்கள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று யோசியுங்கள். வட கொழும்பில் கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கம் ஒரே அறையில் அப்பா, அம்மா, அப்பம்மா, மூன்று பிள்ளைகள் என்று இருக்கிற வீடுகளை நான் அறிவேன். இரவு உயர்தரம் படிக்கிற பெண் கட்டிலுக்கு அடியில் விளக்கை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது அதுவும் இல்லாமல் போனது. அவளுக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன், யாரும் ஏசாத மூன்று மணி நேரம் கிடைப்பதென்றால், உங்கள் கட்டடத்தில் அதைவிட மதிப்பான பொருள் எதுவும் இல்லை.

இதை நான் உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நூலகவியலில் நம் மொழிக்காரர் ஒருவரின் வார்த்தைக்கு உலகமே மதிப்புக் கொடுக்கிறது. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அந்த விதியை விளக்கும்போது அவர் நூல்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நூலகம் ஊரில் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும், தளபாடம் எப்படி இருக்க வேண்டும், ஊழியர் வருகிறவரை எப்படி வரவேற்க வேண்டும் என்பதையும் விரிவாகப் பேசுகிறார். கதிரையும் திறந்திருக்கும் நேரமும் முதல் விதிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

யாழ்ப்பாண நூலகக் கட்டடத்துக்கு ஆலோசனை சொன்னவரும் இதே ரங்கநாதன்தான். அந்த நூலகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் 1981 ஜூனில் அது எரிக்கப்பட்டதையும், அதில் அழிந்து போன ஏறத்தாழ 97,000 நூல்களையும் நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். ஆனால் 1933இல் கே. எம். செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் சேர்த்த புத்தகங்களோடுதான் அது தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒரு வாடகை அறைக்குப் போனது. 1959இல் தான் அந்த அழகான கட்டடம் திறக்கப்பட்டது. நடுவில் கால் நூற்றாண்டு. அந்தக் காலம் முழுக்க அங்கேயும் யாரோ ஒரு உதவியாளர் பேப்பரை அடுக்கி, மேசையைத் துடைத்து, பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருப்பார். என் கட்டுரை உங்களைச் சோர்வடையச் செய்தது என்றால், அந்தக் கால் நூற்றாண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

சரி, தமிழ் அலுமாரிகளுக்கு வருவோம்.

முதலில் ஒரு சிறிய சோதனை. ஒவ்வொரு புத்தகத்தின் சர்வதேச தராதர நூல் எண்ணையும் (ISBN) பாருங்கள். 978க்கு அடுத்து, பழைய பத்து இலக்க எண் என்றால் தொடக்கத்திலேயே, 955 அல்லது 624 வந்தால் அது இலங்கையில் வெளியானது. 81 அல்லது 93 வந்தால் இந்தியா. நீங்கள் சொல்கிற அந்த நாவல் பகுதியில் 955 மிகக் குறைவாகவே தென்படும் என்பது என் ஊகம். நம் நாட்டுத் தமிழ் நூல் பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தக் காசில் சில நூறு பிரதிகள் அச்சாகிறது. வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் வெளியீட்டு விழா நடக்கும். வந்தவர்கள் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று வாங்கிப் போவார்கள். மிச்சம் எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக இருக்கும். பொது நூலகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை. அந்த எழுத்தாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். இரண்டு பிரதி தாருங்கள், எங்கள் நூலகத்துக்கு வந்து பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று அழைத்தால் மறுக்கிறவர் அரிது. தன் புத்தகம் பொது நூலக அலுமாரியில் முத்திரையோடு இருப்பதைப் பார்க்க எந்த எழுத்தாளருக்கும் ஆசை இருக்கும்.

நன்கொடையால் மட்டும் அலுமாரி நிறையக் கூடாது. சபையின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவுக்குள் நிறைவேறும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சியும் வரும். இரண்டுக்கும் முன்பே, வாசகர்கள் கேட்ட தமிழ் நூல்களின் பட்டியல் எழுத்தில் மேலே போயிருக்க வேண்டும். "தமிழ்ப் புத்தகம் கேட்டு யாரும் வருவதில்லை" என்ற பதிலைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கேட்கிறார்கள், வாயால் கேட்கிறார்கள், இல்லை என்றதும் போய்விடுகிறார்கள். அந்த வாய்வார்த்தையை அந்த இடத்திலேயே பரிந்துரை ஏட்டில் அவர் கையால் எழுதவையுங்கள்.

அங்கத்துவப் படிவத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பல நூலகங்களில் கிராம உத்தியோகத்தரின் உறுதியோ ஆதனவரி செலுத்துகிறவரின் பிணையோ வேண்டும். சொந்த வீடு உள்ளவருக்கு இது பிரச்சினை இல்லை. வாடகை வீட்டில் இருக்கிறவர், வேலைக்காகவோ படிப்பதற்காகவோ வந்து அறையில் தங்கியிருக்கிறவர், வீட்டுக்காரரிடம் போய்ப் பிணைக் கையெழுத்துக் கேட்கத் தயங்குவார். கொழும்புத் தமிழரில் இப்படி இருக்கிறவர்கள் கணிசமானவர்கள். இரவல் எடுப்பவர் குறைவாக இருப்பதற்கு வாசிப்பு ஆர்வத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பாடசாலை அதிபரின் கடிதமோ வேலைத்தலக் கடிதமோ போதும் என்று விதியை மாற்ற முடியுமா என்று சபையில் கேட்டுப் பாருங்கள்.

வாசகர் வட்டத்தை விட வேண்டாம். நான்கு பேர் தாராளம். நாளை மாற்றுங்கள். ஞாயிறு காலையில் பிள்ளைகள் அறநெறிப் பாடசாலைக்கோ தேவாலயத்துக்கோ போகிறார்கள், மற்றவர்கள் ரியூசனுக்கு. தாய்மாருக்கு அது சமையல் நேரம். சனிக்கிழமை பிற்பகல் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, எல்லாரும் ஒரு நாவலை வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். படிக்காமல் வந்தவர் கூச்சப்பட்டு அடுத்த முறை வராமல் நின்றுவிடுவார். ஒரு சிறுகதையைக் கூட்டத்திலேயே வாசியுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் ஈழத்துச் சஞ்சிகைகள் ஏராளமாக இருக்கின்றன. அதில் ஒரு கதையைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுங்கள். காலையில் பேப்பர் படிக்க வரும் முதியவர்களில் குரல் நல்லவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துச் சஞ்சிகை என்றால் அந்தக் கதை நடக்கும் ஊரும் வீதியும் அவருக்குத் தெரிந்திருக்கும். கதை முடிந்த பிறகு அவர் சொல்வதற்கு நிறைய இருக்கும். மாலைப் பிள்ளைகளும் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்சம் கேட்கலாம். கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஒக்டோபர் நிகழ்ச்சிகள் நடக்கட்டும். போட்டிக்கு வந்த பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் உங்களிடம் இருக்குமல்லவா? பரிசு கிடைக்காத பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள்.

என்னிடம் இலங்கை எழுத்தாளர்களின் நூல்கள் சில இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. தனியாக எடுத்து வைக்கிறேன். நன்கொடை ஏற்பதற்கு உங்கள் சபையில் என்ன நடைமுறை என்று விசாரித்து எழுதுங்கள். பட்டியல் அனுப்புகிறேன். உங்களிடம் இல்லாதவற்றை மட்டும் தெரிவு செய்யுங்கள்.

அன்புடன்.